ரைபிள் நின்னா யார் குத்தம்?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க. துப்பாக்கி பத்தின பதிவுதான், ஆனா அடியேன் இதுவரைக்கும் சுட்டது தோசை மட்டும்தான் (அதுவும் சரியா வராது). எந்தத் துப்பாக்கி நல்லதுன்னு வாங்கறதுக்கு வழி சொல்ற பதிவும் இல்லை இது. பொட்டி தட்டுற ஒருத்தன், தன் பொழப்பை வேற ஒரு கண்ணாடியில பாத்த கதை. அவ்ளோதான்.

போன பொங்கல் லீவுக்கு புதூர்நாடு போயிருந்தேன். தெரியாதவங்களுக்கு: திருப்பத்தூர்ல இருந்து ஜவ்வாது மலை ஏறினா வர்ற ஊர். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடுன்னு மூணு நாடு உண்டு. முன்னாடி வேலூர் மாவட்டம், 2019-ல இருந்து திருப்பத்தூர் மாவட்டம். இருக்கிறவங்க பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளா இல்லீங்க, மலைவாசிங்கிற அர்த்தத்துல மலையாளி. சாமை, புளி, பலா, தேன், இதெல்லாம்தான் ஊரோட விலாசம்.

என்கூட இஞ்சினியரிங் படிச்ச நண்பனோட வீடு அங்க. "சாமை வாங்கணும்டா, நானும் வர்றேன்"னு என் சித்தப்பாவும் வண்டியில ஏறிட்டார். சித்தப்பா ரிட்டயர்டு மிலிட்டரி. பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரங்களுக்கு இது புதுசு இல்லை, தெருவுக்கு ஒரு 'மிலிட்டரிக்காரர் வீடு' இருக்கும். எங்க தெருவுல அது எங்க வீடு.

ராத்திரி நல்ல குளிர். வாசல்ல நெருப்பு போட்டு உக்காந்திருந்தோம். நண்பனோட தாத்தா கையை நெருப்புக்கு நேரா நீட்டினப்பதான் கவனிச்சேன், இடது கையில கட்டை விரல் இல்லை. கேக்கலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு கேட்டுட்டேன்.

"நாட்டுத் துப்பாக்கி தம்பி. வெடிச்சிருச்சு."

வாலிப வயசுல நடந்ததாம். கொல்லையில பன்னி இறங்கி சாமையை மொத்தமா அழிக்குதுன்னு காவலுக்குப் போயிருக்கார். சுட்டப்ப குண்டு முன்னாடி போறதுக்குப் பதிலா குழாய் பக்கவாட்டுல பிளந்துடுச்சு. அப்புறம் போலீஸ்காரங்க வந்து, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வச்சிருக்கறவங்க ஒப்படைச்சிடுங்கன்னு சொன்னப்ப, ஒட்டுப் போட்டு வச்சிருந்ததைக் கொண்டுபோய் குடுத்துட்டாராம்.

"எம்மேலதான் தப்பு. மருந்த ஜாஸ்தியா கெட்டிச்சிட்டேன்"ன்னார்.

"ஜாஸ்தின்னு உங்களுக்கு எப்படித் தெரியும் தாத்தா?"

"செஞ்சு குடுத்தவன்தான் சொன்னான்."

நான் சிரிச்சுட்டேன். சித்தப்பா சிரிக்கலை. நெருப்பையே பாத்துக்கிட்டு இருந்தவர் மெதுவா சொன்னார்: "எங்ககிட்டயும் அதான். ரேஞ்சுல ரைபிள் நின்னுச்சுன்னா உஸ்தாத் வாயிலேருந்து வர்ற மொதல் கேள்வி, 'சுத்தம் பண்ணலியா?'"

"எந்த ரைபிள் சித்தப்பா நின்னுச்சு?"

"அதெல்லாம் எழுதாத." (நான் பதிவு எழுதறவன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அதனால யாரும் முழுசா எதுவும் சொல்றதில்லை!)

எழுதலை. ஆனா அந்தக் கேள்வி மண்டையில மாட்டிக்கிச்சு. ஊருக்குத் திரும்பினதும் கிடைச்சதையெல்லாம் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல எனக்குத் தோணினதுதான் கீழே.

மொதல்ல கொஞ்சம் மெக்கானிசம்

பழைய .303 ரைபிள்ல ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால இழுத்துத் தள்ளணும். வேலை செய்யறது நம்ம கை. அதனால தப்பு நடக்க எடம் கம்மி. 1962 சீனப் போர்ல நம்ம ஆளுங்க கையில இருந்தது பெரும்பாலும் அதுதான்.

அதுக்கப்புறம் வந்தது எஸ்.எல்.ஆர். பெல்ஜியத்தோட எஃப்.என். ஃபால் ரைபிளை அடிப்படையா வச்சு மேற்கு வங்காளத்துல இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில செஞ்சாங்க. பேரே 'தானா லோட் ஆகிற ரைபிள்'னுதான் அர்த்தம். செமி ஆட்டோமேடிக். ஒரு தடவை சுட்டதும், வெடிச்ச வாயுவுல கொஞ்சத்தைத் திருப்பிவிட்டு ஒரு பிஸ்டனைத் தள்ளி, காலித் தோட்டாவை வெளிய தூக்கிப் போட்டு, அடுத்ததை உள்ள ஏத்திடும். விசையை மறுபடி அழுத்தினா அடுத்த குண்டு.

இது எல்லாம் கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள நடக்கணும். மேகசின் ஸ்பிரிங், அதோட உதடு, வாயு வர்ற ஓட்டை, தோட்டாவோட மருந்து, சேம்பரோட வழவழப்பு, குளிர், மணல், எண்ணெய்... இதுல ஒண்ணு முரண்டு பண்ணினாலும் ரைபிள் நின்னுடும். நம்ம பாஷையில சொன்னா, டிபென்டென்சி ஜாஸ்தி.

எஸ்.எல்.ஆர். பத்தி மட்டும் சித்தப்பா தாராளமா பேசுவார். கனம், நீளம், சுட்டா தோள்பட்டை வலி எல்லாம் உண்டு. ஆனா அதுல ஒரு கேஸ் ரெகுலேட்டர் இருக்கும். அழுக்குப் படிஞ்சு ரைபிள் திணற ஆரம்பிச்சா, சிப்பாயே அதைத் திருகி, பிஸ்டனுக்குப் போற வாயுவைக் கூட்டிக்கலாம். எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடிச்சிருந்தது. 'களத்துல அழுக்குப் படியும், அதுக்கு நீ காரணம் இல்லை, இந்தா சாவி'ன்னு டிசைன் பண்ணினவனே ஒத்துக்கிட்ட மாதிரி.

இன்சாஸ்

எஸ்.எல்.ஆருக்கு அடுத்து வந்தது நம்ம சொந்த ரைபிள், இன்சாஸ். பூனாவுல இருக்கற ஏ.ஆர்.டி.ஈ. (டி.ஆர்.டி.ஓ.வோட ஆயுத ஆராய்ச்சி நிறுவனம்) 1980-கள்ல வடிவமைக்க ஆரம்பிச்சு, 1990-கள்ல ராணுவத்துக்குப் போச்சு. உள்ள ஏ.கே. மாதிரி பிஸ்டனும் சுழலும் போல்ட்டும், ஃபால்ல இருந்த மாதிரி கேஸ் ரெகுலேட்டர், பிளாஸ்டிக்ல 20 தோட்டா மேகசின். ஒவ்வொண்ணா சுடலாம், இல்லாட்டி மூணு மூணா சுடலாம். காகிதத்துல பாத்தா நல்ல கலவை.

1999-ல கார்கில். குளிர்ல மேகசின் விரிசல் விட்டுது, ரைபிள் சிக்கிக்கிச்சு, மூணு ரவுண்டு போடச் சொன்னா நிக்காம சுட்டுது, சுடறவன் மூஞ்சியில எண்ணெய் தெறிச்சுதுன்னு வரிசையா புகார் வெளிய வந்துச்சு. பிறகு திருத்தங்கள் செஞ்சு அடுத்த வடிவம் கொண்டு வந்தாங்க.

2005 ஆகஸ்ட்ல நேபாளம். காலிகோட் மாவட்டத்துல மாவோயிஸ்டுகளோட நடந்த சண்டையில 40-க்கும் மேல ராணுவ வீரர்கள் செத்துப்போனாங்க. நம்ம நாட்டுலேருந்து போன இன்சாஸ் நீண்ட சண்டையில ஒழுங்கா வேலை செய்யலைன்னு நேபாள ராணுவம் வெளிப்படையா சொல்லுச்சு. நம்ம தரப்பு பதில் என்ன தொனியில வந்துச்சு தெரியுமா? சரியா கையாளாததால இருக்கலாம்!

அதாவது, சுத்தம் பண்ணலியா?

2014-ல நம்ம சி.ஆர்.பி.எஃப்.பே இன்சாஸ் வேணாம், ஏ.கே. குடுங்கன்னு கேட்டுச்சு.

நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். இன்சாஸை இருபது வருஷத்துக்கு மேல லட்சக்கணக்கான பேர் தூக்கியிருக்காங்க. குறி நல்லா விழும், உதை கம்மின்னு பாராட்டறவங்க நிறைய பேர். மோசமான ரைபிள்னு ஒரே வரியில எழுதித் தள்றது சுலபம், அது உண்மையும் இல்லை. என் கேள்வி வேற: மேகசின் குளிர்ல விரிசல் விடும்ங்கிறது ஏன் ஒரு போர் நடந்து தெரியணும்? சியாச்சின்ல 1984-ல இருந்து நம்ம ஆளுங்க நிக்கிறாங்களே. குளிர் நமக்கு என்ன புது விஷயமா?

வெள்ளைக்காரன் செஞ்சா மட்டும்?

இந்த இடத்துல ஒரு கோஷ்டி கிளம்பும். "இண்டியன் மேக்னாலே இப்படித்தான் பாஸ், வெளிநாட்டுக்காரன்கிட்ட வாங்கணும்." பொறுங்க மக்கா.

அமெரிக்காக்காரனோட எம்-16. யூஜின் ஸ்டோனர் டிசைன், கோல்ட் கம்பெனி தயாரிப்பு. வியட்நாமுக்கு அனுப்பினாங்க. அனுப்பறதுக்கு முன்னாடி தோட்டாவோட மருந்தை மாத்திட்டாங்க. டிசைன் பண்ணி சோதிச்சது ஒரு மருந்துல, சண்டைக்குப் போனது வேற மருந்துல. புது மருந்துல அழுக்கு ஜாஸ்தி, சுடற வேகமும் ஏறிடுச்சு. ஈரமான காட்டுக்குப் போற ரைபிளோட சேம்பருக்கு குரோம் பூசலை. எல்லாத்துக்கும் மேல, இந்த ரைபிளுக்குச் சுத்தம் பண்றதே அதிகம் தேவைப்படாதுன்னு ஒரு பேச்சைப் பரப்பி, சுத்தம் பண்ற சாமான் கூட போதுமான அளவு அனுப்பலை.

பசங்க செத்தாங்க. சிக்கின ரைபிளைச் சரி பண்ணிக்கிட்டிருந்த நிலையில செத்துக் கிடந்ததா களத்துலேருந்து வீட்டுக்குக் கடிதம் போச்சு. அதுக்கு வந்த மொதல் பதிலும் நமக்குத் தெரிஞ்சதுதான்: சிப்பாய்ங்க சரியா சுத்தம் பண்றதில்லை! சுத்தம் பண்ணத் தேவையில்லைன்னு சொன்னவங்களே இதையும் சொன்னாங்க. 1967-ல அமெரிக்க காங்கிரஸோட விசாரணைக் குழு ஒண்ணு உக்காந்து தோண்டினப்பதான் மருந்து மாத்தின கதை ஊருக்குத் தெரிஞ்சுது. அப்புறம் குரோம் பூச்சு வந்துச்சு, சாமான் வந்துச்சு. 1968-ல வில் ஐஸ்னர்ங்கிற புகழ்பெற்ற காமிக்ஸ் ஓவியரை வச்சு பராமரிப்புக் கையேட்டையே படக்கதையா போட்டுக் குடுத்தாங்க. அதே ரைபிளோட வாரிசுகள்தான் அதுக்கப்புறம் பல பத்து வருஷம் ஓடுச்சு.

பிரிட்டிஷ்காரனோட எஸ்.ஏ.80, 1985-ல வந்தது. மேகசின் தானா கழண்டு விழும், கொசு விரட்டி மருந்து பட்டா பிளாஸ்டிக் இளகும். காட்டுல நிக்கிற சிப்பாய் கொசு மருந்து பூசாம என்ன பூசுவான், சந்தனமா? பதினஞ்சு வருஷம் கழிச்சு 2000-ல இருந்து ஜெர்மனியோட ஹெக்லர் அண்ட் கோக் கம்பெனியைக் கூப்பிட்டு சுமார் 2 லட்சம் ரைபிளைப் பிரிச்சு உள்பாகங்களை மாத்தினாங்க.

சரி, ஜெர்மன்காரன் செஞ்சது அப்பழுக்கில்லாததா? அதே ஹெக்லர் அண்ட் கோக்கோட ஜி-36, சூடாகிட்டா குறி தவறுதுன்னு 2015-ல ஜெர்மன் ராணுவ அமைச்சரே சொன்னாங்க. கேஸ் கோர்ட்டுக்குப் போச்சு. 2016-ல கோப்லென்ஸ் கோர்ட்டுல தீர்ப்பு கம்பெனி பக்கம். காரணம், ஒப்பந்தத்துல என்ன கேட்டாங்களோ அதை ரைபிள் நிறைவேத்தியிருக்கு.

பொட்டி தட்டுற மக்களே, இந்த இடத்துல ஒரு நிமிஷம் நின்னு சிரிச்சுக்கலாம். 'ஸ்பெக்ல இல்லை சார்.' நாம எத்தனை தடவை சொல்லியிருப்போம்!

ஏ.கே.வே பொறந்த அன்னிக்கே ஏ.கே.வா பொறக்கலை. ஆரம்பத்துல தகட்டை அழுத்திச் செஞ்ச உடல் பாகம் ஏகப்பட்டது தரச் சோதனையில கழிஞ்சு போச்சு. அதைவிட்டு இரும்புக் கட்டியைக் குடைஞ்சு செஞ்சாங்க. தகட்டு வேலை கைவந்து ஏ.கே.எம். வந்தது 1959-ல. நாம 'தெய்வமே'ன்னு கும்பிடற நம்பகத்தன்மைக்குப் பின்னாடி பத்து வருஷ பக் ஃபிக்ஸிங் இருக்கு.

ஒரே வரைபடம், வேற வேற கம்பெனி

இன்னொரு சுவாரசியம். எம்-16-ஓட செமி ஆட்டோமேடிக் உறவுக்காரன் ஏ.ஆர்.-15. மூலக் காப்புரிமை 1970-கள்லயே காலாவதி ஆகிட்டதால அமெரிக்காவுல எக்கச்சக்கமான கம்பெனிகள் செய்யறாங்க. வரைபடம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், பாகங்களைக் கூட மாத்தி மாத்திப் போடலாம். ஆனா ஒண்ணு ஓடும், ஒண்ணு நிக்கும். ஏன்?

ஒரு சின்ன உதாரணம். போல்ட்டைச் சுமக்கற பாகத்து மேல, வாயுவை வாங்கிக்கிற ஒரு சின்ன குழாயை ரெண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருப்பாங்க. இறுக்கினதுக்கப்புறம், ஸ்க்ரூ கழண்டு வராம இருக்க ஓரத்து உலோகத்தை உளியால அடிச்சு அது மேல நெரிச்சு விடணும். ஒரு நிமிஷ வேலை. அதை ஒழுங்கா செய்யாத கம்பெனி ரைபிள்ல, சுடச்சுட ஸ்க்ரூ தளரும், வாயு கசியும், போல்ட் முழுசா பின்னாடி போகாது, ரைபிள் நிக்கும். அதே மாதிரி, போல்ட்ல கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கான்னு காந்தத்தை வச்சு ஒரு சோதனை இருக்கு. ஒவ்வொரு போல்ட்டையும் சோதிக்கிற கம்பெனி இருக்கு, பத்துல ஒண்ணை எடுத்துப் பாக்கற கம்பெனியும் இருக்கு.

கடையில ரெண்டும் பளபளன்னுதான் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இருக்கற வித்தியாசம் பெரும்பாலும் இந்த மாதிரி, யாருமே பாக்காத ஒரு நிமிஷ வேலையிலதான். அந்த ஒரு நிமிஷத்தைச் செலவு பண்ண வைக்கிறது எது? 'செய்யலைன்னா திரும்பி வந்துடும்'ங்கிற பயம். அங்க சாமான் சரியில்லைன்னா வாங்கினவன் திருப்பிக் குடுப்பான், ஊரெல்லாம் சொல்லுவான், அடுத்த தடவை வேற கம்பெனிக்குப் போவான்.

சிப்பாய் எந்தக் கடைக்குப் போவான்?

இப்ப நம்ம வீட்டு விஷயம்

இன்சாஸ் காலத்து அமைப்பைப் பாருங்க. டிசைன் பண்றது டி.ஆர்.டி.ஓ., அது பாதுகாப்பு அமைச்சகம். தயாரிக்கிறது ஆர்டினன்ஸ் தொழிற்சாலை வாரியம், அதுவும் பாதுகாப்பு அமைச்சகம். தரம் பாக்கற டி.ஜி.க்யூ.ஏ. அமைப்பும் அதே அமைச்சகம், அதுலயும் தயாரிப்பாளர் இருக்கற அதே பாதுகாப்பு உற்பத்தித் துறை. வாங்கற ராணுவத்துக்கு வேற கடை கிடையாது. டெவலப்பர், டெஸ்டர் ரெண்டு பேருக்கும் ஒரே மேனேஜர், கஸ்டமர் லாக்-இன். இந்த மாதிரி புராஜெக்ட்ல புரொடக்ஷன் பக் என்ன கதியாகும்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?

இதுல வேலை செய்யற தொழிலாளிங்க மேல எனக்கு எந்தக் குறையும் இல்லை. நம்ம திருச்சியில 1966-ல இருந்து துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கு. அங்கேருந்து 2017-ல திருச்சி அசால்ட் ரைபிள்னே ஊர்ப் பேர் வச்சு ஒண்ணு வந்துச்சு, ஏ.கே. வகையில. கை வேலைக்கு நம்மகிட்ட பஞ்சமே இல்லை. பஞ்சம் எங்கேன்னா, களத்துலேருந்து தொழிற்சாலைக்குத் திரும்பி வர்ற ரோட்டுல.

கொஞ்சம் மாறவும் செஞ்சுது. 2017-ல இஷாப்பூர்ல செஞ்ச புது 7.62 ரைபிளை ராணுவமே சோதனையில தோத்துப்போச்சுன்னு திருப்பி அனுப்புச்சு. படிச்சப்ப எனக்கு சந்தோஷமாதான் இருந்துச்சு. சண்டையில தோக்கறதுக்கு முன்னாடி சோதனையில தோக்கறது ரொம்ப நல்லது. 2019-ல அமெரிக்காவோட சிக் சாவர் கம்பெனிகிட்ட 72,400 ரைபிள் வாங்க ஒப்பந்தம் போட்டாங்க. 2021 அக்டோபர்ல ஆர்டினன்ஸ் வாரியத்தையே கலைச்சு ஏழு கம்பெனியா பிரிச்சாங்க. அதே வருஷம் டிசம்பர்ல, அமேதி பக்கத்துல கோர்வாவுல ரஷ்யாவோட சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல ஏ.கே.-203 செய்ய ஒப்பந்தம் ஆச்சு.

போர்டு மாறிடுச்சு. ரோடு வந்துச்சாங்கிறதுதான் கேள்வி. கம்பெனின்னு பேர் வச்சா மட்டும் புகாரைக் காது குடுத்துக் கேக்கிற புத்தி வந்துடுமா என்ன? கஸ்டமர் சர்வீஸுக்கு போன் பண்ணின அனுபவம் எல்லாருக்கும்தான் இருக்கு. வெளிநாட்டு பிராண்டும் மந்திரம் இல்லை. அதே சிக் சாவரோட பி-320 கைத்துப்பாக்கி, கீழ விழுந்தா தானா சுடுதுன்னு 2017-ல செய்தி வந்தப்ப, துப்பாக்கி பாதுகாப்பானதுதான்னு சொல்லிக்கிட்டே அவங்க அறிவிச்சதுக்குப் பேர் 'விருப்பப்பட்டால் அப்கிரேட்'! ஆனாலும் இலவசமா மாத்திக் குடுக்க முன்வந்தாங்க இல்லையா, அதைத்தான் கவனிக்கச் சொல்றேன்.

அதே மலையில இன்னொரு சாமான்

"அப்ப நம்மாளுங்களுக்கு வராதுங்கிறியா?"ன்னு கேக்கறவங்க, ஒரு தடவை புதூர்நாடு போற சாக்குல அதே ஜவ்வாது மலையில இருக்கற காவலூருக்குப் போய்ட்டு வாங்க. வைணு பாப்பு வானாய்வகம். அங்க இருக்கற 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல வேலைக்கு வந்தது. உள்நாட்டுலயே டிசைன் பண்ணி, கண்ணாடியை பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்துலயே இழைச்சுச் செஞ்சது. கண்ணாடியில நூலிழை பிசகினாலும் நட்சத்திரம் மழுங்கிடும்.

அது எப்படி வந்துச்சு? பெரிய ரகசியம் இல்லை. செய்ய வச்சவங்களும் அதுல கண்ணை வச்சுப் பாக்கப் போறவங்களும் ஒரே நிறுவனம். மழுங்கினா அவங்களுக்குத்தான் மழுங்கும். 'நீ சரியா பாக்கலை'ன்னு சொல்றதுக்கு வேற ஆள் கிடையாது.

தொலைநோக்கியும் ரைபிளும் ஒண்ணில்லைதான். ஒண்ணே ஒண்ணைச் செதுக்கறதும், லட்சக்கணக்குல அடிச்சுத் தள்றதும் வேற வேற வித்தை. ஆனா 'உள்நாடா வெளிநாடா'ங்கிற சண்டையே தப்பான சண்டைன்னு புரிஞ்சுக்க அது போதும். செய்யறவனுக்கும் தூக்கறவனுக்கும் நடுவுல எவ்ளோ தூரம்? புகார் எத்தனை மேசை தாண்டிப் போகணும்? நான் பாக்கற அளவுகோல் அது ஒண்ணுதான்.

அடியேன் பண்ணின பாவம்

ஊரைத் திட்டிட்டு நான் தப்பிச்சுக்கக் கூடாது இல்லையா. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கிடங்குக்கு ஸ்கேனர் மென்பொருள் செஞ்சோம் (பேரெல்லாம் வேணாம், வேலை வேணும்). குளிர்பதன அறையில வேலை செய்யறவங்க, ஸ்கேனர் அப்பப்ப நின்னுடுதுன்னு மூணு தடவை டிக்கெட் போட்டாங்க. நான் ஏ.சி. ரூம்ல என் மேசையில வச்சு ஓட்டிப் பாத்தேன், ஓடுச்சு. 'பயன்படுத்துபவர் தவறு'ன்னு போட்டு மூணையும் மூடினேன். அந்த வாரம் ஆணி வேற ஜாஸ்தி.

நாலாவது தடவை மேனேஜர் நேர்ல போகச் சொன்னார். போனேன். கையுறை போட்ட கையால பட்டனை அழுத்தினா ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா பதியுது, என் கோடு அதை எதிர்பாக்கலை. அவ்ளோதான். அங்க நின்னிருந்த அக்கா ஒருத்தங்க, "நாங்க சரியா அழுத்தலியோன்னு நெனச்சோம் சார்"னு சொன்னாங்க.

புதூர்நாட்டுத் தாத்தா சொன்னாரே, 'எம்மேலதான் தப்பு'ன்னு. அதே குரல். என் டிக்கெட்டுல ஒரு பெட்டி நகர லேட் ஆச்சு. ரைபிள்ல அப்படி இல்லை.

சுத்தம் பண்றது முக்கியமில்லைன்னு சொல்ல வரலை. சித்தப்பா இன்னிக்கும் வீட்டுத் தையல் மிஷினைக் கூட மாசத்துக்கு ஒரு தடவை பிரிச்சு எண்ணெய் போடற மனுஷன். அழுக்கா வச்சிருந்தா எந்த ரைபிளும் நிக்கும். ஆனா 'சுத்தம் பண்ணலியா?'ங்கிறது விசாரணையோட மொதல் கேள்வியா இருக்கலாம், கடைசி கேள்வியா இருக்கக் கூடாது. அதுக்கு 'பண்ணினேன் சார்'னு ஒருத்தன் சொன்னா, அதை நம்பி அடுத்த கேள்வியைக் கேக்க ஒரு ஆள் வேணும்.

எனக்குத் தோணற யோசனை ரொம்ப சாதாரணம். ரைபிள் நின்ன ஒவ்வொரு தடவையும், எந்தத் தொழிற்சாலை, எந்த வருஷம், எந்தத் தோட்டா, என்ன குளிர், என்ன சூடுன்னு எழுதி வைக்கணும், எழுதினவனுக்குத் தண்டனை வராம. தரம் பாக்கறவர் சம்பளமும் பதவி உயர்வும், தயாரிக்கிறவர் கையில இருக்கக் கூடாது. டிசைன் பண்றவர் வருஷத்துல சில நாளாவது சியாச்சின்லயோ பஸ்தர் காட்டுலயோ அந்த ரைபிளைத் தூக்கிக்கிட்டு நடக்கணும். காவலூர்ல ராத்திரி கண் முழிக்கிறாங்க இல்ல, அது மாதிரி.

கடைசியா

அந்த ராத்திரி நெருப்புப் பக்கத்துல இன்னொருத்தனும் இருந்தான். நண்பனோட தம்பி. மத்திய போலீஸ் படைக்கு செலக்ஷன் எழுதிட்டு இருக்கான். காலையில அஞ்சு மணிக்கு, நாம கம்பளிக்குள்ள சுருண்டிருக்கற நேரத்துல, மலை ரோட்டுல ஓடிட்டு வருவான். அந்த ஊர்ல அந்த மாதிரி ஓடற பசங்க இன்னும் சில பேரைப் பாத்தேன்.

தாத்தா கதையும் சித்தப்பா கதையும் கேட்டுட்டு அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"பெரியவரே, சண்டையில நின்னுச்சுன்னா இன்னா பண்றது?"

சித்தப்பா உடனே கையிலயே செஞ்சு காட்டினார். மேகசினைத் தட்டு, இழு, பாரு, விடு. இருட்டுல, இல்லாத ரைபிளை வச்சு, நாலஞ்சு தடவை செய்யச் சொன்னார். பையனும் செஞ்சான். தாத்தா, விரல் இல்லாத கையால பீடியைப் பத்த வச்சுக்கிட்டு பாத்துக்கிட்டு இருந்தார்.

அவன் செலக்ட் ஆகணும்னு வேண்டிக்கிறேன். அவன் கைக்கு எது வரும்னு எனக்குத் தெரியாது. அது எந்த ஊர்ல செஞ்சதா இருந்தாலும் சரி. என்னிக்காவது அது நின்னு, அவன் உயிரோட திரும்பி வந்து 'நின்னுடுச்சு சார்'னு சொன்னா, 'எங்க, காட்டு'ன்னு ஒருத்தர் கேக்கணும். அவ்ளோதான் என் ஆசை.

பி.கு.1: உங்க வீட்டுலயும் ஒரு மிலிட்டரிக்காரர் இருப்பார். கேட்டுப் பாருங்க, கேட்டதைப் பின்னூட்டத்துல சொல்லுங்க. யூனிட் பேர், ஆள் பேர் வேணாம். கும்மி அடிக்கிறவங்க அடுத்த பதிவுக்கு வாங்க ப்ளீஸ் :-)

பி.கு.2: வாங்கிட்டு வந்த சாமையில சித்தி பொங்கல் வச்சாங்க. கொஞ்சம் அடி பிடிச்சிடுச்சு. "அடுப்பைப் பாத்துக்கலியா?"ன்னு சித்தப்பா கேட்டார். சித்தி கரண்டியோட திரும்பிப் பாத்த பார்வையில, இந்தப் பதிவுல நான் சொன்னது அவருக்குப் புரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்.